அரைக்காது ஸ்டிக்கர்

தம்பி, இந்தப் பொட்டலத்தை நமக்கு நடுவுல வச்சுக்கிடலாமா? மடியில வச்சா கசங்கிரும். மாலை. பெரிய மாலைதான். சாமிக்கு. எந்தச் சாமிக்கா? தென்காசிப் பக்கம் சாமிக்கா பஞ்சம், ஏதாவது ஒரு சாமிக்குப் போட்டாப் போச்சு.

நீங்க எந்த ஊரு? விழுப்புரமா? அதான பார்த்தேன். ஏறும்போதே கவனிச்சேன், என் மூஞ்சியப் பார்த்துச் சிரிக்காத ஆளு இந்த பஸ்ஸுல நீங்க ஒருத்தர்தான். அதனாலதான் ஜன்னல் சீட்டு காலியா இருந்தும் இங்க வந்து உக்காந்தேன். அந்தா, முன்னால உக்காந்திருக்காரே பச்சைச் சட்டை, அவரு திரும்பித் திரும்பிப் பார்க்காரு பாருங்க. பார்க்கட்டும். எத்தனை பேரு பார்த்தாச்சு.

ஒங்க போன்ல ஸ்டிக்கர் எல்லாம் வரும்லா? வாயப் பொளந்துக்கிட்டு, ஒரு கையத் தூக்கிக்கிட்டு ஒரு ஆளு, கீழ 'சொதி வரல'ன்னு எழுதி ஒண்ணு வந்திருக்கா? வரலையா? நல்லவேளை. அந்த ஆளு நான்தான்.

பேரு ஆவுடைநாயகம். பேட்டையில எலக்ட்ரிக்கல் கடை. எனக்குக் கூடப்பொறந்தது ஒரே தங்கச்சி, கோமதி. பாவூர்சத்திரத்துல கட்டிக் குடுத்திருக்கு. அவளுக்கு ஒரே பொண்ணு, சுபாஷிணி. நான் தாய்மாமன். எங்க பக்கம் தாய்மாமன்னா சும்மா இல்ல தம்பி. பிள்ளைக்குக் காது குத்தணும்னா அவன் மடியில வச்சுத்தான் குத்தணும். கல்யாணத்துல பொண்ணு கழுத்துல முதல் மாலை அவன் கையாலதான் விழணும். அதுக்குப் பெறகுதான் மாப்பிள்ளை, தாலி எல்லாம். சுபாவுக்குக் காது குத்தும்போது அது என் காதப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல. ஆசாரி அதுக்குக் குத்துதாரு, அது என் காதப் பிய்க்குது. எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. மாமனுக்குப் பாசத்தப் பாருன்னு எல்லாரும் சொன்னாவ. வலி தம்பி. கொஞ்சம் பாசமும் இருந்துச்சு, இல்லேங்கல.

அவளுக்குத்தான் இப்ப நிச்சயம் ஆச்சு. மாப்பிள்ளை வீடு கரூரு. நல்ல ஆளுக. கோமதி என்ன செஞ்சா, நிச்சயத்தன்னிக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொதி வச்சிட்டா. சொதி தெரியுமா ஒங்களுக்கு? தேங்காப்பால்ல வைக்கிற குழம்பு. காய்கறி, பாசிப்பருப்பு எல்லாம் போட்டு, இறக்குன பெறகு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விடணும். தொட்டுக்கிட இஞ்சித் துவையல். எங்க ஆளுக அதை மறுவீட்டு விருந்துக்குத்தான் வைப்பாவ. நிச்சயத்துக்கு வைக்கிற வழக்கம் இல்ல. நான் அப்பவே சொன்னேன், வேண்டாம் கோமதி, வெளியூர் ஆளுக, அளவு தெரியாம ஆயிரும்னு. 'முதமுதல்ல வாராவ, நம்ம ஊர்ச் சாப்பாட்டைக் காட்ட வேண்டாமாண்ணே'ன்னா. காட்டுனா. கரூர்க்காரவ அதைக் குழம்புன்னே நினைக்கல. பாயசத்துல ஒரு வகைன்னு நினைச்சு டம்ளர்ல வாங்கிக் குடிக்காவ. ரெண்டாம் தடவை, மூணாம் தடவை.

நான் பந்தி விசாரிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். தாய்மாமன் முதல் பந்தியில உக்காரக் கூடாது, எனக்குத் தெரியாதா? சம்மந்திதான் கையப் புடிச்சு இழுத்தாரு. 'நீங்க உக்காராம நாங்க எப்படிங்க சாப்புடறது'ன்னு பக்கத்துல உக்கார வச்சிட்டாரு. சோறு வந்துச்சு. துவையல் வந்துச்சு. உருளைக்கெழங்கு வறுவல் வந்துச்சு. சொதி வாளி வருது, வருது, எனக்கு முந்துன இலை வரைக்கும் வந்துட்டு. அங்க வந்து கரண்டி அடியில சுரண்டுச்சு. பரிமாறுனவன் என்னை ஒரு பார்வை பார்த்துட்டுத் திரும்பிப் போனான். போனவன் போனவன்தான். சோத்துல குழி பறிச்சு வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் தம்பி உக்காந்திருக்கது? கையத் தூக்கி, 'ஏய், சொதி வரல'ன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். மேடையில நாதஸ்வரக்காரரு வாசிக்கிறத நிறுத்திட்டாருன்னு எங்க வீட்டுல பெறகு சொன்னா. அவ எதையாவது சொல்லுவா.

அந்த நேரம் பார்த்து எவனோ போட்டோ எடுத்திருக்கான். யாருன்னுதான் தெரியல. சுபாகிட்டக்கூடக் கேட்டேன். அவ நிச்சயப் பொண்ணுன்னுதான் பேரு, அவ்வளவு அலங்காரத்தோட போனும் கையுமா எங்க பந்தியையே சுத்திச் சுத்தி வந்துக்கிட்டிருந்தா. எப்பவுமே என்னையத்தான் எடுப்பா, மாமன்னா அவளுக்கு உசிரு. 'தாயி, பக்கத்துல வேற எவனாவது போனத் தூக்கிக்கிட்டு நின்னானா'ன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, 'கவனிக்கல மாமா'ன்னா. பாவம், கல்யாணப் பொண்ணு, அவளுக்கு ஆயிரம் யோசனை.

மறுநாள் எங்க குடும்பக் குரூப்புல வந்து விழுந்துச்சு. 'நம்ம சொந்தம்'னு குரூப்பு. போட்டது யாரு? முகுந்தன். கோமதி வீட்டுக்காரரோட அண்ணன் மகன், பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. தலையையும் கையையும் மட்டும் வெட்டி எடுத்து, கீழ பச்சை எழுத்துல 'சொதி வரல'. போன் போட்டுக் கிழி கிழின்னு கிழிச்சேன். 'மாமா, சத்தியமா நான் பண்ணல, எனக்கு வந்துச்சு, நான் அனுப்புனேன்'னான். எங்கிருந்து வந்துச்சுன்னா சொல்ல மாட்டேங்கான். அவன்தான். கம்ப்யூட்டர் படிச்சவன் வேற எவன் இருக்கான் எங்க குடும்பத்துல? அதுலயும் பாருங்க, இடது காதுல பாதியக் காணோம். வெட்டிப்பிட்டான். 'செஞ்சதுதான் செஞ்ச, ஒரு மனுசன் காதையாவது ஒழுங்கா வெட்டக் கூடாதால'ன்னு குரூப்புலயே எழுதுனேன். அதுக்கும் ஆளாளுக்கு அதே ஸ்டிக்கரப் போடுதாவ.

அப்புறம் அது அடங்கல தம்பி. தண்ணி வரலையா, என் மூஞ்சி. கரண்டு வரலையா, என் மூஞ்சி. கடையில ஒரு கஸ்டமர், வயர் இன்னும் வரலன்னு எனக்கே அனுப்புதாரு. மதுரையில இருந்து மோட்டார் கம்பெனி ரெப்பு ஒருத்தன், என்னைப் பார்த்ததே இல்ல, ஆர்டர் வரலன்னு என் மூஞ்சிய எனக்கு அனுப்புதான். 'யாரு தம்பி இது'ன்னு கேட்டேன். 'தெரியல சார், யாரோ செம காமெடி பீஸு'ன்னான். எப்படி இருக்கும்?

சும்மா விடக் கூடாதுன்னு நடவடிக்கை எடுத்தேன். முறையா ஒரு அறிவிப்பு எழுதுனேன். 'இதனால் அனைவருக்கும் தெரிவிப்பது யாதெனில், கீழே காணப்படும் படத்தை என் அனுமதியின்றி எவரும் பகிரவோ பயன்படுத்தவோ கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு ஆவுடைநாயகம்.' கீழ அந்தப் படத்தைப் போட்டேன். போடாம எப்படி? எதை அனுப்பக் கூடாதுன்னு தெரிஞ்சாத்தான அனுப்பாம இருப்பாவ? வியாபாரிகள் சங்கக் குரூப்புல போட்டேன். காலையில நடக்கப் போறவங்க குரூப்புல போட்டேன். பத்தாங்கிளாஸ் கூட்டாளிக குரூப்புல போட்டேன். கோயில் கும்பாபிஷேகக் குரூப்பு ஒண்ணு இருக்கு, அதுல சிங்கப்பூர், துபாய் ஆளுக எல்லாம் உண்டு, அதுலயும் போட்டேன். கடைசியில 'அதிகம் பகிரவும்'னு ஒரு வரி சேர்த்தேன். அது கைப்பழக்கம். அறிவிப்பு நாலு பேரைப் போய்ச் சேரணும்லா.

அதுக்குப் பெறகுதான் கண்டமேனிக்குப் பரவுச்சு. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. எவனோ பின்னால இருந்து வேலை பார்க்கான்.

கூட நடக்க வார வக்கீல் ஒருத்தரு இருக்காரு, பூதலிங்கம்னு. கேஸு போடணும்னு கேட்டேன். அவரு என்ன கேக்காருங்கிய? 'அண்ணாச்சி, ஒங்க தங்கச்சி வீட்டுக்காரரு மொட்டை மாடியில தலைக்குச் சாயம் பூசிக்கிட்டிருந்த படத்தைப் போன மாசம் நீங்கதான குரூப்புல போட்டிய? அவர்ட்ட கேட்டா போட்டிய?'ன்னாரு. அது வேற தம்பி. அது குடும்பத் தமாசு. 'சரி, எதுத்த வீட்டு டீச்சரம்மா ஸ்கூட்டியோட சாக்கடையில விழுந்த வீடியோ?'ன்னாரு. அது விழிப்புணர்வு! ரோடு எப்படிக் கிடக்குன்னு ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா? படிச்ச மனுசன், ரெண்டையும் போட்டுக் குழப்புதாரு. டீச்சரம்மாவும் அன்னையில இருந்து எங்க வீட்டோட பேசுதது இல்ல. சில பேரு அப்படித்தான், சட்டுனு கோபம் வந்துரும்.

எங்க வீட்டுல மட்டும் ஒரு நல்ல யோசனை சொன்னா. 'எங்க வேணும்னாலும் போடுங்க, சம்மந்தி கண்ணுல மட்டும் படாமப் பாத்துக்கிடுங்க'ன்னா. நியாயந்தான. அதனால அறிவிப்ப ஸ்டேட்டஸ்ல போடும்போது, சம்மந்திக்கு மட்டும் தெரியாதபடி செட்டிங் வச்சேன். அதுல யாரு யாருன்னு பேரு வரும், டிக் அடிக்கணும். சம்மந்தி பேர்ல அடிச்சேன். மறுநாள் பார்த்தா மொத்தமே ஒரே ஒரு ஆளு பார்த்திருக்காரு. சம்மந்தி. செல்போன் கடைப் பிள்ளைகிட்டக் கொண்டுபோய்க் காட்டுனா, 'அண்ணாச்சி, இவரைத் தவிர எல்லாருக்கும் காட்டுன்னு வைக்கிறதுக்குப் பதிலா, இவருக்கு மட்டும் காட்டுன்னு வச்சிருக்கீங்க'ங்கா. நான் அப்படி வைக்கிற ஆளா? போன் பழசு.

சம்மந்தி போன் பண்ணுனாரு. 'ஏனுங்க சம்பந்தி, அன்னிக்கு உங்களுக்குச் சொதி வரலீங்களா? பக்கத்துல உக்காந்துட்டு நான் பாக்காமப் போயிட்டனுங்களே. அந்த மூணாவது டம்ளர நான் வாங்கியிருக்கப் படாதுங்க'ன்னாரு. சிரிக்கல தம்பி. உண்மையாவே வருத்தப்பட்டுச் சொன்னாரு. அதுதான் எனக்குத் தாங்கல. சிரிச்சா சண்டை போடலாம். பாவம்னு நினைச்சா என்ன செய்ய? பொண்ணோட தாய்மாமன் ஒரு கரண்டி சொதிக்கு ஏங்குனவன்னு கரூர் வரைக்கும் பேரு போயிட்டே.

அன்னிக்குக் குரூப்புல எழுதுனேன். 'எல்லார் போனுலயும் அந்தப் படம் அழிஞ்ச பெறகுதான் நான் கல்யாண மண்டபத்துல கால் வைப்பேன். அதுவரைக்கும் முதல் மாலைக்கு வேற ஆளப் பாத்துக்கிடுங்க.' எழுதிட்டு குரூப்ப விட்டு வெளிய வந்துட்டேன். கோமதி வீட்டுக்காரரு திரும்பச் சேர்த்தாரு. வெளிய வந்தேன். மறுபடியும் சேர்த்தாரு. மறுபடியும் வந்தேன். பெறகு சேர்க்கல. சேர்க்க வேண்டியதுதான? இன்னொரு தடவை சேர்த்தா கொறஞ்சா போயிருவாரு? அன்னிக்குப் பூரா போனையே பார்த்துக்கிட்டு இருந்தேன். சேர்த்தா வெளிய வரணும்லா.

பத்திரிகை வைக்க கோமதியும் சுபாவும் வந்தாவ. நான் பேப்பர மூஞ்சிக்கு நேரா விரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். 'ஒரு படத்துக்காகவாண்ணே'ன்னா கோமதி. 'படம் இல்ல, மானம்'னேன். 'நீங்க வராம அவ கழுத்துல யாருண்ணே மாலை போடுவா'ன்னு கேட்டுட்டு அழுதுட்டா. எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்துச்சு. ஆனா சொல்லிட்டமே, எழுத்துல வேற சொல்லிட்டமே. தாம்பாளத்தை வச்சுட்டு அவ உள்ள எங்க வீட்டுலகிட்டப் பேசப் போயிட்டா. சுபா மட்டும் வாசல்ல நின்னா. 'மாமா, அதை நான் அழிச்சிட்டா வருவீங்களா'ன்னா. 'ஒன் போன்ல அழிச்சு என்ன செய்ய தாயி? ஊரு பூரா கெடக்கு. அதைப் பண்ணுனவன் என் முன்னால வந்து நிக்கட்டும், பெறகு யோசிக்கேன்'னேன். அவ நின்னா. ரொம்ப நேரம் நின்னா. போகச் சொல்லியும் போகல. கல்யாணப் பொண்ணுக்கு மாமன் வரலேங்கிற ஏக்கம், வேற என்ன. பெறகு கண்ணத் தொடச்சுக்கிட்டுப் போயிட்டா. அந்தப் பிள்ளைய அழ வச்ச அந்த முகுந்தன் மட்டும் என் கையில கிடைச்சான்...

ஆமா, கல்யாணமா? இன்னிக்குத்தான். பத்தரைக்கு முகூர்த்தம். எங்க வீட்டுல நேத்தே போயிட்டா. நான் போகல. நான் தென்காசிக்கு ஒரு வேலையாப் போறேன். பாவூர்சத்திரம் வழியில வருதுன்னா அதுக்கு நான் என்ன செய்ய, ரோட்டை அப்படிப் போட்டிருக்கான். டிக்கெட்டைப் பார்க்காதீங்க தம்பி. கண்டக்டர் தப்பாக் கிழிச்சிட்டாரு. சட்டையா? பட்டுச் சட்டை எங்க வீட்டுல எடுத்து வெளிய வச்சுட்டுப் போயிட்டா, வேற சட்டை தேட நேரமில்ல. காலையில கடையத் தொறந்து உக்காந்தேன், ஒரு மனுசன் வரல. எதுத்தாப்புல பூக்கடை. சம்பங்கி நல்லா இருக்கேன்னு சும்மாதான் விலை கேட்டேன். அவரு கட்ட ஆரம்பிச்சுட்டாரு. கட்டுனவர வேண்டாம்னு சொல்ல முடியுமா? நடுவுல ரோஜாவும் வைங்கன்னு நான்தான் சொன்னேன். சுபாவுக்கு ரோஜா பிடிக்கும்... சாமிக்கு. சாமிக்கும் பிடிக்கும்.

இருங்க, போன் கத்துது. சுபா பேரு மாதிரித் தெரியுது. தனியா அனுப்பியிருக்கா. கண்ணாடி எங்க வச்சேன்... நீங்களே பாருங்க தம்பி, என்ன போட்டிருக்கான்னு. என்னத்துக்குச் சிரிக்கீங்க? நீங்களுமா? குடுங்க இங்க. கண்ணாடி மேல்பையிலதான் இருக்கு.

என் மூஞ்சிதான். அதே கை. 'சொதி வரல'ன்னு இல்லையே. 'மாமா வரல'ன்னு இருக்கு.

மாமா வரல.

அதே பச்சை எழுத்து தம்பி. அதே பச்சை. அப்போ இவதானா? பண்ணுனவன் முன்னால வந்து நிக்கட்டும்னேன். நின்னாளே! வாசப்படியில அவ்வளவு நேரம் நின்னாளே! நான் பேப்பர விட்டுத் தலைய எடுக்காம, போ போன்னுட்டேன். முகுந்தன் பய தெரிஞ்சுக்கிட்டே திட்டு வாங்கியிருக்கான்.

இதைப் பாருங்க. இந்தக் காத. பெருசாக்கிப் பாருங்க, ரெண்டு விரலால இழுங்க. முழுக் காது! மடல் வரைக்கும் சுத்தமா வெட்டியிருக்கா. மணவறைக்குப் போற பிள்ளை, தலை நிறையப் பூவ வச்சுக்கிட்டு, சேலை மடிப்பு எடுக்கிற நேரத்துல உக்காந்து மாமன் காத ஒட்டியிருக்கா. அன்னிக்குப் புடிச்ச காத இன்னும் விடல பாருங்க அந்தப் பிள்ளை. ஒண்ணுமில்ல தம்பி. இந்த ஜன்னலச் சாத்துங்க, காத்துல தூசி வருது.

ஏ கண்டக்டரே! ஆலங்குளம் தாண்டிட்டுல்லா? வண்டிய என்ன நடத்திக்கிட்டுக் கூட்டிட்டுப் போறாரா டிரைவரு? பொண்ணு மணவறையில காத்துக்கிட்டிருக்கா, கொஞ்சம் மிதிக்கச் சொல்லுங்க! என்னய்யா பச்சைச் சட்டை, சிரிப்பு? ஆமா, நான்தான். சொதி வரலன்னு சொன்ன ஆளு நான்தான். இப்ப மாலை போடப் போறேன்.

தம்பி, 'மாமா வாரேன்'னு அடிச்சுக் குடுங்க. நான் மாலையப் புடிச்சுக்கிடுதேன். 'மாலையோட வாரேன்'னு போடுங்க. போயிட்டா? டிக்கு நீலக் கலர் ஆயிட்டா? பார்த்துட்டா, பார்த்துட்டா.

நீங்களும் இறங்கி வாங்களேன். கல்யாணச் சாப்பாடு. நாளைக்கு மறுவீட்டுல சொதி உண்டு, நான் நின்னு பரிமாறச் சொல்லுதேன். வேலையா? சரி, வேலையப் பாருங்க. ஒங்க நம்பரச் சொல்லுங்க, இதை அனுப்பி வைக்கேன். இந்தா, போயிட்டு. கடைக் கஸ்டமர்க்கெல்லாம் இறங்குன பெறகு அனுப்பிக்கிடலாம்.

ஸ்டாப்பு வந்துட்டு. மாலைய எடுங்க, மெல்ல, மெல்ல. தம்பி, ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க. இந்தப் படம் என் அனுமதி இல்லாம எவனுக்கும் போகக் கூடாது... சரி, அனுப்புனாத்தான் என்ன, அனுப்புங்க. ஆனா அந்த அரைக்காதுப் படம் எங்க இருந்தாவது ஒங்களுக்கு வந்தா, அதை அனுப்பாதீங்க. இதை அனுப்புங்க.